இமையில் சிவப்புக் கோடு

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பா எழுதுவது. நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் அங்கே நலமாக இருக்க வேண்டும். அம்மாவின் தலை ஆட்டம் எப்படி இருக்கிறது? புது மாத்திரை கேட்கிறதா?

போனில் பேசினால் நமக்கு இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் சண்டை போட்டால் அது வந்து சேர்வதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும் என்றுதான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கும் போன் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கிறது. இதை அவளுடைய வலது காதுப் பக்கம் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.

இதோடு ஒரு பார்சல் வரும். உள்ளே நான் முன்பு வைத்திருந்த டிஜிட்டல் கேமராவும், சின்ன மூன்று கால் ஸ்டாண்டும், பழைய லென்ஸ் ஒன்றும் இருக்கும். லென்ஸைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அதற்கு என்னைவிட வயது அதிகம். பழைய சாமான் கடையில், ஓடாத கடிகாரங்களுக்கு நடுவில் கிடந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டான். கேமரா இந்தக் காலத்தது, லென்ஸ் அந்தக் காலத்தது. நடுவில் ஓர் இணைப்பு வளையம் போட்டு இரண்டையும் கட்டிவைத்திருக்கிறேன். அதை மட்டும் கழற்ற வேண்டாம்.

இந்த லென்ஸில் எதுவும் தானாக நடக்காது. ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். எது தெளிவாக விழுகிறதோ அதன் விளிம்பில் திரையில் சிவப்புக் கோடு வரும். அந்தக் கோடு அம்மாவின் கண் இமைமேல் விழுந்ததும் பட்டனை அழுத்துங்கள். லென்ஸை முழுசாகத் திறந்தே வையுங்கள். அப்போதுதான் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து போகும். மருந்து அலமாரி, வாளி, துவைக்கப் போட்ட துணி எதுவும் படத்தில் தெரியாது. இந்த லென்ஸ் கரைப்பது போல எந்தப் புது லென்ஸும் கரைப்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். செருப்புக் கம்பெனிக்காகச் செருப்பையே படம் எடுத்து எடுத்து எனக்கு அலுத்துவிட்டது. ஜூனில் இங்கே ஒரு கண்காட்சி. பழைய லென்ஸில் எடுத்த முகங்கள் மட்டும். என் வரிசையில் அம்மாவின் முகம் இருந்தே ஆக வேண்டும். இப்போது வேலையை விட்டு என்னால் வர முடியாது. நீங்கள் எடுத்து மெமரி கார்டைக் கூரியரில் அனுப்புங்கள். கண்காட்சி முடிந்ததும் வந்து ஒரு மாதம் அம்மாவோடு இருப்பேன். நடுவில் உண்மையிலேயே அவசரம் என்றால் 'உடனே வா' என்று ஒரு வரி போதும், அடுத்த விமானத்தில் ஏறிவிடுவேன். ஆனால் உண்மையிலேயே அவசரமாக இருக்க வேண்டும், அண்ணி.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

பாசமுள்ள
பாப்பா

பிப்ரவரி 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலம். நாற்பது வயதிலும் நீ பாப்பாவாகவே இருப்பது குறித்து மகிழ்ச்சி.

பார்சல் வந்தது. ஏதோ ஒரு பட்டனை அமுக்கிவிட்டேன் போலிருக்கிறது, லென்ஸ் பொருத்தப்படவில்லை என்று சொல்லிவிட்டுக் கேமரா சும்மா நின்றது. கண்ணாடி இத்தனை பெரிதாக முன்னால் துருத்திக்கொண்டிருக்க, இல்லவே இல்லை என்று சாதிக்கிறது. இந்த வீட்டில் அப்படி நடத்தப்படுவது எனக்குப் பழக்கம்தான். நான் பேன்ட் மடித்துத் தைத்துக் கொடுக்கும் ரெடிமேட் கடையில் கேமரா தெரிந்த ஒருவர் இருக்கிறார். மெனுவுக்குள் போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்ற ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்.

அத்தையின் தலை நிற்கவே இல்லை. நாள் முழுவதும் எதையோ வேண்டாம் வேண்டாம் என்று சொல்வது போல ஆடிக்கொண்டிருக்கிறது. தூங்கும்போது மட்டும்தான் நிற்கும். மாத்திரை கேட்கிறதா என்று கேட்டிருந்தாய். மாத்திரைக்குக் காது கேட்டால்தானே.

உன் கடிதத்தை வலது காதில் கத்தி வாசித்தேன். கண்காட்சி, லென்ஸ், வளையம் ஒன்றும் அவருக்குப் புரியவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "படம் நல்லா வந்தா பாப்பா வருவா, அதானே?" என்று கேட்டார். உன் கடிதத்தில் அப்படி இல்லை. படம் எப்படி வந்தாலும் ஜூன் முடிந்துதான் வருவாய் என்று இருக்கிறது. நான் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். எனக்கும் இரண்டாம் தடவை கத்தத் தெம்பில்லை.

அவசரம் பற்றி எழுதியிருந்தாய். போன முறை நான் கூப்பிட்டு நீ வேலையை விட்டு ஓடிவந்தபோது, அத்தை பாலில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அதற்கு முந்தின நாள் மூச்சுத் திணறியது நிஜம், வந்த அன்று ரொட்டி தின்றதும் நிஜம். நீ வாசற்படியில் நின்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் காதுபட, "புலி வருது புலி வருதுன்னு எத்தனை தடவை? இனிமே உயிர் போனப்புறம் சொல்லுங்க, போதும்" என்றாய். அதை நான் மறக்கவில்லை. அதனால் கவலைப்படாமல் செருப்பை எடு.

கார்டை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்.

உன் அண்ணி

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். கோபத்தில் சொன்னதை எல்லாம் பத்திரப்படுத்தி வைப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. போகட்டும்.

படங்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். முதல் தடவைக்கு நன்றாகவே எடுத்திருக்கிறீர்கள். ஆனால் ஒன்றில்கூடக் கண் தெளிவாக இல்லை. ஒன்றில் மூக்கு நுனி, ஒன்றில் காது. அம்மாவின் காது மடிப்பில் இருக்கும் மச்சம் வரை தெரிகிறது, கண் மட்டும் புகை. லென்ஸை முழுசாகத் திறந்தால் தெளிவு ஒரு விரல் அகலம்கூட இருக்காது. அம்மா கொஞ்சம் முன்னால் சாய்ந்தால்கூடப் போயிற்று. அவளை அசையாமல் இருக்கச் சொல்லுங்கள்.

வெளிச்சம் போதவில்லை என்று ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணரும் அளவை, கூட்டிவிட்டீர்கள், மணல் இறைத்தது போல இருக்கிறது. கட்டிலை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடுங்கள். அப்புறம் அம்மாவுக்குப் பின்னால் பச்சையாக ஒரு மூட்டை தெரிகிறதே, அது என்ன? திரைச்சீலையா? எல்லாப் படத்திலும் வந்து கெடுக்கிறது. எடுத்துவிடுங்கள்.

கார்டைச் சுத்தமாக அழித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதவில்லையே.

பாசமுள்ள
பாப்பா

மார்ச் 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலமா? இங்கே இருக்கிறோம்.

அந்தப் பச்சை மூட்டை நான்தான். என் நைட்டி பச்சை.

அத்தையால் இப்போது தானாக உட்கார முடியாது. யாராவது முதுகில் கை கொடுத்துப் பிடித்தால்தான் உட்காருவார், இல்லாவிட்டால் பக்கவாட்டில் சரிந்துவிடுவார். இதை நான் போன வருஷமே சொல்லியிருக்கிறேன், நீ கேமராவில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாய். ஆக, உன் படம் எடுக்கும் விதம் இப்படி. அத்தையைத் தலையணைகளுக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டு ஓடிவருகிறேன். ஸ்டாண்டில் இருக்கும் கேமராவில் வளையத்தைத் திருப்பி, சிவப்புக் கோட்டை இமையில் கொண்டுவந்து நிறுத்துகிறேன். டைமரை அமுக்கிவிட்டுத் திரும்ப ஓடி அவர் முதுகைப் பிடிக்கிறேன். பிடிப்பதற்குள் அவர் சரிந்திருப்பார். நான் நிமிர்த்தி வைக்கும் இடம் பழைய இடமாக இருக்காது. கேமரா தன் பாட்டுக்கு எடுத்துவிடும். புதுக் காலத்து லென்ஸாக இருந்தால் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்திருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். இது வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நீ சொல்வாய், தெரியும். ஆனால் இங்கே ஆடுவது நான் இல்லை.

அத்தையை அசையாமல் இருக்கச் சொன்னேன். அவர் முயற்சி செய்கிறார், பாப்பா. நான் கேமரா பக்கம் போனதுமே மூச்சை அடக்கிக்கொள்கிறார். கை நடுங்காமல் இருக்க இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொள்கிறார். தலைதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. முகமெல்லாம் சிவந்து, இருமல் வந்து, அப்புறம் கேட்பார், "வந்துச்சா?" நான் திரையைப் பார்த்துவிட்டு இல்லை என்பேன். "இன்னொரு தடவை எடு" என்பார்.

முழுங்குவது கஷ்டமாகிறது. ரொட்டியை நிறுத்திவிட்டேன். டாக்டர் அதைத்தான் சொன்னார். கார்டு இதோடு.

உன் அண்ணி

ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் என்று தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். மூட்டை என்று எழுதியிருக்கக் கூடாது. சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

அம்மா எனக்காக மூச்சை அடக்குகிறாள் என்ற இடத்தை மூன்று தடவை படித்தேன். இந்த மாதிரி அம்மா யாருக்கும் கிடைக்க மாட்டாள். அந்த முயற்சி அவள் முகத்தில் தெரிகிறது, அதுதான் எனக்கு வேண்டும். இந்த முறை வந்தவற்றில் ஒன்று கிட்டத்தட்ட வந்துவிட்டது. இடது கண் ஓரம் கொஞ்சம் தெளிவு. ஏற்பாட்டாளரிடம் காட்டினேன். கண் முழுசாகத் தெளிவாக ஒன்று கிடைத்தால் நடுச் சுவர் எனக்கு என்கிறார். நடுச் சுவர், அண்ணி. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் முதலில் அம்மாவைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு யோசனை. கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் இருப்பதைச் சொல்கிறேன். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் ஆள் அசையாமல் இருக்க நாற்காலிக்குப் பின்னால் கழுத்தைப் பிடிக்கிற இரும்புக் கவ்வி ஒன்று வைத்திருப்பார்களாம். நாம் இரும்பு எதுவும் வைக்க வேண்டாம். உயரமான முதுகு உள்ள நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்து, நெஞ்சோடும் நெற்றியோடும் மெல்லிய துணியால் கட்டலாம். நெற்றித் துணியை முடிக்குள் மறைத்துவிடலாம். உங்களுக்குத்தான் தையல் தெரியுமே. ஒரு நிமிட வேலை. அப்போது நீங்களும் பின்னால் நிற்க வேண்டியதில்லை, நிதானமாக ஃபோகஸ் பார்க்கலாம்.

அம்மா ஒத்துக்கொண்டால் மட்டும். கட்டாயப்படுத்த வேண்டாம்.

பாப்பா

மே 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலமா? அத்தை ஒத்துக்கொண்டார். நீ கேட்டு அவர் எதற்கு ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கிறார்?

தோல் நிறத்தில் மிச்சத் துணி இருந்தது. உள்ளே பஞ்சு வைத்துப் பட்டை தைத்தேன். கடைக்காரர் என்ன என்று கேட்டார், பெல்ட் என்றேன். நாற்காலியில் உட்கார வைத்து நெஞ்சில் ஒன்று, நெற்றியில் ஒன்று கட்டினேன். தலை ஆட்டத்தை நிறுத்தவில்லை, கட்டுக்குள்ளேயே ஆடியது. பட்டை நெற்றியில் உரசி உரசிச் சிவந்துவிட்டது. அவிழ்க்கப் போனேன். "இன்னும் இறுக்கிக் கட்டு" என்றார். கட்டினேன். இப்போது நெற்றியில் ஒரு தடம் இருக்கிறது. எண்ணெய் போடுகிறேன்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். மருமகள் மனம் என்னவென்று யாரும் சொல்லிவைக்கவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். மாத்திரைகளைக் குறைத்துவிட்டார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அவ்வளவுதான்.

கார்டு இதோடு.

உன் அண்ணி

மே 17

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். மாத்திரையைக் குறைத்துவிட்டார் என்று படித்ததும் ஆபீஸ் என்றும் பார்க்காமல் குதித்துவிட்டேன். எத்தனை நாள் கழித்து ஒரு நல்ல சேதி! நீங்கள் எப்போதும் எதையும் பெரிதுபடுத்தி எழுதுபவர். நல்லது நடந்தால் மட்டும் கடைசியில் ஒரு வரியில் போட்டுவிட்டுப் போகிறீர்கள். அம்மா தேறுகிறாள், ஒத்துக்கொள்ளுங்கள்.

படங்கள் முன்னைவிட மேல். ஆனால் ஆட்டம் இன்னும் இருக்கிறது, கண் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. பட்டையின் நிழலும் விழுகிறது. மாத்திரை குறைந்து அம்மாவுக்குத் தெம்பு வந்திருப்பதால் இந்த முறை வந்துவிடும் என்று என் மனசு சொல்கிறது. காலை வெளிச்சத்தில் எடுங்கள். ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டுங்கள். ஒரே ஒரு படம். ஜூன் பத்துக்குள் கார்டு என் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுச் சுவர் வேறொருவருக்குப் போய்விடும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று.

பாப்பா

ஜூன் 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வீட்டில் வேலை இருந்தது.

நீ கேட்ட படம் இந்தக் கார்டில் இருக்கிறது. காலை வெளிச்சம், ஜன்னலில் வெள்ளைத் துணி, எல்லாம் நீ சொன்னபடி. பட்டை கட்டவில்லை. நான் பின்னால் நின்று பிடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. நிதானமாகத் திரையைப் பெரிதாக்கி, வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். ஒவ்வோர் இமை மயிரிலும் சிவப்புக் கோடு விழுந்தது. தலை அசையவே இல்லை.

கண் மூடியிருக்கிறது. அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அத்தைக்கு இப்போது வலி எதுவும் இல்லை.

உன் அண்ணி

ஜூன் 23

என் அருமை அண்ணிக்கு,

நலம், நலம், நலம்! நீங்கள் பக்கத்தில் இருந்தால் தூக்கிச் சுற்றியிருப்பேன்.

அம்மா தூங்கும்போது எடுத்திருக்கிறீர்கள், இல்லையா? தூங்கினால் ஆட்டம் நின்றுவிடும் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள், இந்த மண்டைக்குத்தான் உறைக்கவில்லை. கெட்டிக்காரி நீங்கள். இமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். நெற்றித் தடம்கூட ஒரு சுருக்கம் போல அழகாக விழுந்திருக்கிறது. முகம் மட்டும் கொஞ்சம் மெழுகு நிறத்தில் இருந்தது. ஜன்னல் துணியின் வேலை. கருப்பு வெள்ளையாக மாற்றிவிட்டேன், சரியாகிவிட்டது. பின்னால் ஒரே வெண்மை. அந்த அறையா இது என்று உங்களுக்கே சந்தேகம் வரும்.

நடுச் சுவரில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கிறார்கள். கீழே 'அம்மா ஓய்வெடுக்கிறாள்' என்று எழுதினோம். ஒரு வயதானவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, என்னிடம் வந்து, "உங்க அம்மா எவ்வளவு நிம்மதியா இருக்காங்க" என்றார். பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்தார். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸ் என்று கேட்டார். பழைய சாமான் கடை என்றதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஃபோகஸ் கையால் பார்த்தது, அதனால்தான் அன்பு தெரிகிறது என்று அவரே எழுதிக்கொண்டார். உங்கள் பெயரைச் சொல்ல நினைத்தேன், அதற்குள் வேறு கேள்விக்குப் போய்விட்டார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன். ஜூலை பதினாலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. ஒரு மாதம் முழுசாக. உங்களுக்கு ஓய்வு, அம்மாவுக்கு நான். அவளுக்கு இப்போது என்ன சாப்பிடப் பிடிக்கிறது? என்ன வாங்கி வரட்டும்? மிருதுவான போர்வை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

வலது காதில் கத்திச் சொல்லுங்கள், படம் வந்துவிட்டது, பாப்பாவும் வருகிறாள் என்று.

உங்கள்
பாப்பா

ஜூலை 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலமா? நான் நலம். நின்று நின்று வீங்கியிருந்த என் கால் வடிந்திருக்கிறது.

ஒன்றும் வாங்கி வர வேண்டாம். அத்தை மே இருபத்தொன்பதாம் தேதி விடிகாலையில் போய்விட்டார். காரியம் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களும் கடைக்காரரும் உதவினார்கள். மகளுக்குச் சொல்லியாயிற்றா என்று எல்லோரும் கேட்டார்கள். சொல்லியாயிற்று என்றேன்.

அன்று காலையில் முகத்தைத் துடைத்து, தலை வாரி, தலையணையில் சாய்த்து உட்கார வைத்தேன். ஜன்னலில் துணி கட்டினேன். படத்தை எடுத்து முடித்த பிறகுதான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். நீ கேட்டது ஒரே ஒரு படம். ஒன்றுதான் எடுத்தேன்.

டாக்டர் மாத்திரையைக் குறைத்தது, இனிக் கொடுத்துப் பயனில்லை என்றுதான். பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். நீ குதித்ததாக எழுதியிருந்தாய். அதையும் அத்தையிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். 'உடனே வா' என்று எழுதத் தபால் கார்டை எடுத்தேன், வைத்துவிட்டேன். மறந்து போகவில்லை, நேரம் இல்லாமலும் இல்லை. எழுத மனம் வரவில்லை.

ஏன் என்று கேட்பாய். உன் அண்ணன் இறந்துபோனதிலிருந்து அந்த மனுஷியைத் தூக்கியது, கழுவியது, துடைத்தது எல்லாம் நான். விழித்தால் பாப்பா, இருமினால் பாப்பா. கழுவுகிற கையைப் பிடித்துக்கொண்டே உன்னைக் கேட்பார். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. பக்கத்தில் நின்ற பச்சை இரண்டு பேர் கண்ணிலும் விழவில்லை. எனக்கு உன்மேல் மட்டும் கோபம் என்று நினைக்காதே. அவர்மேலும் இருந்தது. செத்தவர் என்பதற்காக, கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நீ தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. முந்தின நாள் மாலை பால் கொடுக்க முயன்றேன், உள்ளே போகவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பேச்சு தெளிவாக இருந்தது.

"இன்னிக்கு நான் ஆடாமத்தானே இருந்தேன்?"

அன்று நான் கேமராவை எடுக்கவே இல்லை. அவர் ஏதோ நினைப்பில் கேட்டார். ஆமாம் அத்தை, வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை.

"இல்ல அத்தை. ஆடிட்டீங்க" என்றேன்.

"அப்ப பாப்பா வர மாட்டா" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை.

நான் இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி என் தங்கை வீட்டுக்குப் போகிறேன், அங்கேதான் இனி. சாவி பக்கத்து வீட்டில் இருக்கும்.

உன் அண்ணி

ஜூலை 9

அண்ணி,

நலம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

உங்களை என்னென்னவோ திட்டி நாலு பக்கம் எழுதினேன், கிழித்துவிட்டேன். கொலைகாரி என்று மட்டும் ஒரு தடவை எழுதிக்கொள்கிறேன். நீங்கள் அதைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

நேற்றுக் கண்காட்சிக்குப் போனேன். படத்தை இறக்கச் சொல்லத்தான் போனேன். வாசலில் ஏற்பாட்டாளர் ஓடிவந்து, கூட்டம் குறையவில்லை, இன்னும் ஒரு மாதம் நீட்டித்திருக்கிறோம் என்றார். நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம் இந்தப் பாட்டி தூங்குதா என்று கேட்டாள். அவள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்த இமைகளைப் பார்க்க முடியவில்லை, அண்ணி. அத்தனை தெளிவாக நான் யாரையும் பார்த்ததில்லை. பழைய கார்டுகளில் இருந்த அம்மாவை எல்லாம் நானே அழித்துவிட்டேன். கண் திறந்த அம்மா ஒன்றுகூட என்னிடம் இல்லை.

நீங்கள் செய்தது எல்லாம் இருக்கட்டும். சொல்லாமல் விட்டது, காலையில் படம் எடுத்தது, எதையும் இனி கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும். கடைசியில் அம்மா கேட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அது கோபத்தில் எழுதியது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். படம் வந்துவிட்டது, பாப்பா வருகிறாள் என்று நீங்கள் சொன்னதாகவும், அவள் கேட்டுவிட்டுத் தூங்கியதாகவும் எழுதுங்கள். பொய்யாக இருந்தாலும் சரி. நான் நம்பிக்கொள்கிறேன். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

பாப்பா

ஜூலை 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்த் திருப்பி விடப்பட்டு இங்கே வந்தது. நான் நலம். நீ நலமா? தங்கை வீட்டில் ஜன்னல் பக்கம் இடம் கொடுத்திருக்கிறார்கள், தையல் மெஷினை அங்கே போட்டிருக்கிறேன்.

கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே, ஸ்டாண்டைத் தனியாக, பஞ்சில் பொதிந்து தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வளையத்தைக் கழற்றவில்லை. கிடைத்ததும் ஒரு வரி எழுது.

அத்தை கேட்டது நான் எழுதியபடிதான். நான் சொன்னதும் அதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி